மாதிரிக்கு ஒரு டைல்ஸ்

தீவில் பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்குப் போகும் படகில் சாய்ந்த வெயில், அலமுவின் மடியிலிருக்கும் ஒற்றை டைல்ஸின் மேல் மினுங்குகிறது. மாதிரிக்குக் கடையில் கேட்டு வாங்கியது. அரசு குவார்ட்டர்ஸுக்கு இத்தனை வருஷமாக நல்ல நாற்காலிகூட அவள் வாங்கியதில்லை. எல்லாம் கடல் தாண்டி மெயின்லேண்டில் சொந்த வீடு கட்டிய பிறகுதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர் பக்தவத்சலம் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். வீடு கட்ட வாங்கிப்போட்ட திண்டிவனத்து மனையை அவர் போன வருஷமே விற்று, பங்குச்சந்தையில் தொலைத்துவிட்டது அவளுக்குத் தெரியாது. தெறிக்கும் கடல்நீரை விரலால் டைல்ஸில் தடவி நிறம் பார்க்கிறாள். “நம்ம கிச்சனுக்கு இது டீக் ஹை, சரியா இருக்கும் தானேங்க?” “நல்லாத்தான் இருக்கு” என்கிறார், தண்ணீரைப் பார்த்தபடி. படகு ஜெட்டியில் இடிக்கிறது. “பத்திரமாப் பிடிங்க, உடைஞ்சிடப்போகுது.” அவர் இரண்டு கைகளாலும் வாங்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார்.