பனியில் விழுந்த அதிர்ஷ்டம்

"நர்ஸம்மாவுக்கு ஒரு சாக்லேட் குடு, குட்ருன். வேண்டாம்னு சொன்னா ரெண்டா குடு!"

பேரன் பிறந்தவரைப்போல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பூரித்துப்போயிருந்தார் பிளைடரர். வந்திருந்ததோ பேரன் அல்ல, மாவுக்கட்டு. முந்தின நாள் ஞாயிறு காலை, பேக்கரியில் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பியவர், சொந்த வீட்டு வாசலிலேயே பனிக்கட்டியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

"கை ஒடிஞ்சதுக்கா சார் இனிப்பு?" என்று கேட்டார் பக்கத்துக் கட்டில் எபிங்கர்.

அவர் சர்ச்சுகளில் ஆர்கன் வாசிப்பவர், வெளியூர்க்காரர். ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்க ரயிலில் வந்து, சர்ச்சுக்கு நடந்து போகிற வழியில் அவரும் விழுந்து இடது கையை உடைத்துக்கொண்டிருந்தார். நாலு காசு பார்க்கும் கிறிஸ்துமஸ் சமயத்தில் இப்படி ஆகிவிட்டதே என்ற கவலை அவருக்கு.

"முப்பது வருஷமா வழக்குச் செலவு இன்சூரன்ஸ் கட்டறேன் தம்பி. வக்கீல் ஃபீஸ், கோர்ட்டுச் செலவு, தோத்துட்டா எதிராளியோட செலவு, எல்லாத்தையும் கம்பெனியே பார்த்துக்கும். ஆனா ஒரு தடவையாவது அனுபவிச்சேனா?" என்றார் பிளைடரர்.

முயற்சி செய்யாமல் இல்லை. தெருக்கோடி சர்ச் மணி காதைத் துளைக்கிறது என்று ஒருமுறை ஒரு வக்கீலம்மாவிடம் போனார். அடுத்த வீட்டு ஆப்பிள் மரம் வேண்டுமென்றே தம் பக்கம் இலை உதிர்க்கிறது என்று இன்னொருமுறை. கேஸ் தேறாது என்று வக்கீலம்மா இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

"இப்ப பாருங்க! உடம்புல காயம், கையில டாக்டர் சர்டிபிகேட். இனி யார் தடுக்க முடியும்?"

"யார் மேல கேஸ் போடப்போறீங்க?"

"மாடிவீட்டு கிரம்லிச் மேல. எங்க கட்டடத்துல மூணு வீடு. வாரம் ஒருத்தர் வாசல் பெருக்கணும், பனியைத் தள்ளணும், மணல் தூவணும். யார் முறையோ அவங்க கதவுல ஒரு பலகை தொங்கும். பலகை அவ கதவுல ஜம்முனு தொங்குது. வாசல்ல ஒரு பொடி மணல் கிடையாது!"

அவர் மனைவி குட்ருனுக்கு மனசு கேட்கவில்லை. "ஏங்க, அவ முதியோர் இல்லத்துல ராத்திரி வேலை பார்த்து ரெண்டு பிள்ளைங்களை ஒத்தையா வளர்க்கறா. நஷ்டஈடுன்னு நின்னா எங்க போவா?"

"நம்மால அடுத்தவங்களுக்கு நஷ்டம்னா கட்டற இன்சூரன்ஸ் ஒண்ணு உண்டே, அது அவகிட்ட இருக்கும்."

"இல்லையாம். கேட்டுட்டேன்."

"அப்ப வீட்டை விக்கட்டும். நான்கூடத்தான் அந்த இன்சூரன்ஸைப் போன வருஷம் நிறுத்திட்டேன். என்னால யாருக்கு என்ன நஷ்டம் வந்துடப்போகுது?"

எபிங்கர் பெருமூச்சு விட்டார். "பனிக்கு யார் சார் பொறுப்பு? எங்கிட்டயும் உங்களை மாதிரி வழக்குச் செலவு பாலிசி இருக்கு. ஆனா கேஸ் போட மனசு வரல. விட்டுடலாம்னு பார்க்கறேன்."

பிளைடரருக்கு வந்ததே கோபம்! "என்ன தம்பி, இப்படி ஏமாளியா இருக்கீங்க? கைதானே உங்க பொழப்பு? நீங்க விழுந்த வீட்டுல யார் முறைன்னு கண்டுபிடிச்சு, தோலை உரிச்சுடுங்க. சமாதானம் கிமாதானம்னு அழுதுட்டு வருவான். மசியவே கூடாது!"

அதோடு விடவில்லை. வக்கீலம்மாவின் பெயரையும் நம்பரையும் இடது கையால் எபிங்கரின் மாவுக்கட்டின் மேலேயே கிறுக்கிக் கொடுத்தார்.

அதற்குள், காலையிலேயே அவர் சேதி சொல்லியிருந்த அந்த வக்கீலம்மாவே போனில் வந்துவிட்டார். பிளைடரர் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"கம்பெனியில ஒப்புதல் வாங்கணும் சார், ரெண்டு விவரம் சொல்லுங்க. எங்க விழுந்தீங்க?"

"கிர்ஷ்காஸ்ஸ தெரு, ஒன்பதாம் நம்பர் வாசல்ல."

எபிங்கர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"பலகையை அந்தம்மா எப்ப மாட்டினாங்க?"

"அவ எங்க மாட்டினா? போன வாரம் எங்க முறை. சனிக்கிழமை சாயங்காலமே பெருக்கித் துடைச்சுட்டு, நானே கொண்டுபோய் அவ கதவுல மாட்டிட்டேன். எதையும் கடைசி நிமிஷம் வரைக்கும் இழுத்தடிக்கற ஆள் நான் இல்ல!"

"அப்ப முறை சனிக்கிழமையோட முடிஞ்சுடுமா?"

"அதெப்படி? விதிமுறையை எழுதினதே நான்தான். ஞாயிறு ராத்திரி பன்னெண்டு..."

பிளைடரரின் வாய் திறந்தபடி நின்றது.

"அப்ப ஞாயித்துக்கிழமை காலையில மணல் தூவ வேண்டியது நாமதானேங்க?" என்றாள் குட்ருன்.

போனில் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "உங்க மேல நீங்களே கேஸ் போட முடியாது சார். உடம்பைப் பார்த்துக்குங்க" என்று வக்கீலம்மா வைத்துவிட்டார்.

பிளைடரர் போனைத் தலையணைக்கடியில் தள்ளினார். பிறகு ஒரு மகானைப்போலப் புன்னகை செய்தார்.

"போகட்டும். தம்பி சொன்னதுதான் சரி. பனிக்கு மனுஷன் என்ன பண்ணுவான்? மன்னிச்சு விட்டுடணும். என்ன தம்பி?"

எபிங்கர் எழுந்து உட்கார்ந்தார்.

"நான் விழுந்ததும் அதே வாசல்லதாங்க."