பூட்டிய மூட்டு

ஸ்டுட்கார்ட் அலுவலகத்தில், கணினித் திரையில் படியேறிய ரோபோ மறுபடியும் குப்புற விழுந்தது.

"முழங்காலை மடங்காம பூட்டிட்டுப் படியேறச் சொன்னா, விழாம என்ன பண்ணும்?" பிரெட்செல் ரொட்டியை மென்றபடி சிரித்தான் யோர்க். "இதை எவன் வாங்குவான் ஹைக்கே? தூக்கிக் குப்பையில போடு."

"பழுதானா என்ன ஆகும்னு பாக்குறதுதானே நம்ம வேலை?" ஹைக்கே இடுப்பு மூட்டின் கோணத்தை மாற்றினாள். மீண்டும் விழுந்தது.

"அந்த முழங்கால் மூட்டையே கழட்டிப் புதுசு மாட்டு. எதுக்கு இந்த மல்லுக்கட்டு?"

"முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் யோர்க். திங்கக்கிழமை ஆபரேஷன். என் முழங்கால் எலும்புகளை ஒண்ணாச் சேர்த்துடுவாங்க. அப்புறம் மடங்காது. வீட்டு மாடிக்கு ஏறுவேனான்னு பாக்குறேன்."

யோர்க் மெல்லுவதை நிறுத்தினான். நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டான்.

"இந்தப் படிக்குக் கைப்பிடியே வைக்கலையே நீ! உன் வீட்டுப் படியில அது எந்தப் பக்கம் இருக்கு?"