மொட்டைமாடி வாளி

மூன்று நாள் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. அஜ்மான் தொழிலாளர் கேம்பின் மொட்டைமாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்க, அதில் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. பெயின்ட் வாளியில் நிற்கும் செடிமேல் பிளாஸ்டிக் தாளை விரித்துப் பிடித்தபடி குந்தியிருக்கிறான் ரூம்மேட் அன்பரசன். “பூவெல்லாம் சாம்பல் பூத்து அழுகுதுண்ணே. நீங்க வெவசாயம் பாத்தவரு, என்ன மருந்து அடிக்கலாம்?” பன்னீர்செல்வம் குனிந்து பார்க்கிறார். புளிச்சைக்கீரை என்று இவன் சொன்னதை நம்பி, இரண்டு மாதமாக டூட்டி முடிந்து வந்து தண்ணீர் ஊற்றியவர் அவர். இலை அதே மாதிரிதான்; ஆனால் புளிச்சைக்கீரை மஞ்சளாகப் பூக்கும். இதிலோ பச்சை முடிச்சுகள் நரைத்துக் கிடக்கின்றன. வாடை மூக்கைத் துளைக்கிறது. கீரையே இல்லை, கஞ்சா.

“ஏண்டா, ரூம்ல ஆறு பேரு இருக்கோம். போலீஸ் வந்தா அத்தன பேரும் உள்ள போகணும். ஒனக்குப் பூ அழுகுறதுதான் கவலையா?” “மெதுவாப் பேசுங்கண்ணே. மொதத் தடவ போட்டேன், மழை கெடுத்துருச்சு.” மழையாம். பன்னீர்செல்வத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. செடியைப் பிடுங்கப் போன கை பாதியில் நிற்கிறது. கீரை போடத்தானே என்று அவரே எடுத்துக் கொடுத்த வாளி அது. களவு போகாமலிருக்கக் கேம்பில் எல்லோரும் தங்கள் சாமான்மேல் எழுதிவைப்பதுபோல அவரும் எழுதிவைத்திருந்தார். அதன்மேல் படிந்த தூசியையெல்லாம் மழை கழுவிவிட்டிருக்கிறது. கறுப்பு பெயின்டில், அவர் கையெழுத்திலேயே, பளிச்சென்று தெரிகிறது: பன்னீர்செல்வம், ரூம் 14.