எழுபத்தி மூணாம் நம்பர் பாட்டில்

"அந்த எழுபத்தி மூணை மட்டும் இன்னைக்கே முடிச்சுடக் கூடாதா?"

லேப் ஜன்னலுக்கு வெளியே நின்ற மனிதர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கூடாது," என்றாள் மெழுகக்கா, தலையை நிமிர்த்தாமலே.

நோயாளி உடம்பிலிருந்து எடுத்த கட்டியை நம்பர் போட்ட பாட்டிலில் மருந்தில் ஊறவைத்துப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, வெங்காயத் தோல் மாதிரி சீவி, டாக்டர் பார்வைக்குக் கொடுக்கிற லேப் அது. மெழுகு வேலை அக்கா கையில். அதனால்தான் அந்தப் பேர்.

"ஒரே ஒரு தடவை. ராத்திரி பூரா கண்ணை மூடல."

"எல்லாரும் ஒரே ஒரு தடவைதான் கேக்குறாங்க. தூக்கம் வரலைன்னா சாமியைக் கும்பிடுங்க. பாட்டிலை விரட்டாதீங்க."

பக்கத்து மேஜையில் இருந்த அவசரம் பேனாவை டக்கென்று வைத்தாள்.

அவசரம் என்பது அக்கா வைத்த பேர். ரத்தப் பரிசோதனைப் பிரிவிலிருந்து போன வாரம்தான் மாற்றலாகி வந்தவள். ஊசி குத்திய இடம் காய்வதற்குள் ரிசல்ட் கொடுத்துப் பழகியவள். வந்த அன்றைக்கே, "இன்னுமா ஆகல?" என்று கேட்டு இந்தப் பேரைச் சம்பாதித்தாள்.

'மனுஷியா இவ?' என்று அவள் அக்காவைப் பற்றி நினைத்து முடிப்பதற்குள் அடுத்தது நடந்தது.

அந்த மனிதர் பைக்குள்ளிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்து ஜன்னலில் தள்ளினார். அக்கா இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டாள். வாங்கிக்கொண்டாள்!

லேப்புக்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் ஊரைக் கூட்டுகிறவள், டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே சாப்பாட்டு அறைக்கு நடந்தாள்.

'வேலைக்குக் கை வராதாம். டப்பாவுக்கு மட்டும் வருமாம்!'

அவசரம் எழுந்தாள். எழுபத்தி மூணை எடுத்தாள். இப்போதே மெழுகு ஏற்றும் மெஷினில் போட்டுவிட்டால் அந்த மனிதருக்கு நாளைக்கே ஒரு பதில் கிடைக்கும். மூடியைத் திருகினாள். உள்ளேயிருந்த ஃபார்மலின் மருந்தின் நெடி குப்பென்று ஏற, கண் இரண்டிலும் நீர் கொட்டியது.

"அழுவுறியா, இல்ல கண்ணாடி போடலையா?"

வாசலில் அக்கா. சாப்பிடக் கூப்பிட வந்திருந்தாள்.

"அந்தாளு முகத்தைப் பார்க்க முடியலக்கா. உங்களால எப்படித்தான் முடியுதோ!"

அக்கா பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து அவசரத்தின் மூக்கில் மாட்டினாள். தானும் ஒன்று மாட்டி, கையுறை போட்டு, பாட்டிலைக் காற்றை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்தாள். ஏற்கெனவே பிளந்து போட்டிருந்த கட்டியை இடுக்கியால் தூக்கினாள்.

"நடுவுல பாரு. இன்னும் சிவப்பு. மருந்து உள்ள இறங்கல. இப்போ மெஷின்ல போட்டா மெழுகும் இறங்காது. சீவுனா நைஞ்சு நூலா வரும். டாக்டர் எதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லுவாரு? போய் இன்னொண்ணு வாங்கிட்டு வர இது என்ன வெள்ளரிக்காயா?"

அக்கா கட்டியை உள்ளே போடாமல் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். தனக்குப் பாடம் எடுக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டாள் அவசரம்.

அக்கா மூடியை இறுக்கினாள். பாட்டில் பழைய இடத்துக்கே போனது, எழுபத்தி ரெண்டுக்குப் பின்னால்.

"ஊறட்டும். வா, சாப்பிடலாம்."

சாப்பாட்டு அறையில் அக்கா டப்பாவைத் திறந்து பாதியைத் தட்டில் நகர்த்தினாள். அவசரம் அதே வேகத்தில் அதைத் திருப்பித் தள்ளினாள்.

"எனக்கு லஞ்சச் சோறு வேண்டாம்."

அக்காவுக்குப் புரை ஏறிவிட்டது. சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள்.

"லஞ்சமா? இதுவா? தின்னு பார்த்துட்டுச் சொல்லு. ஒரு கல் உப்பு இல்ல. பயந்துட்டா அந்த மனுஷனுக்கு முதல்ல உப்புதான் மறக்கும். கல்யாணம் ஆனதுலேர்ந்து பார்க்குறேன்."

அவசரத்தின் கை அந்தரத்தில் நின்றது.

"அவரு… உங்க வீட்டுக்காரரா?"

"பின்ன? காலைல டப்பாவை மறந்துட்டு வந்துட்டேன். கொடுக்குற சாக்குல சிபாரிசுக்கு வந்துட்டாரு."

"அப்போ அந்த எழுபத்தி மூணு? உங்க மாமியாரா?"

அக்கா ஒரு கவளத்தை வாயில் போட்டு மென்றாள்.

"மாமியார் கல்லு மாதிரி இருக்காங்கடி. எழுபத்தி மூணுதான் இதோ உன் எதிர்ல உக்காந்து, உப்பில்லாத சோத்தை முழுங்கிட்டிருக்கு."