ஒரு ரவுண்டு

மெக்கானிக்கான மனைவி மூன்று மாதமாக ஞாயிறுதோறும் வீட்டு ஷெட்டிலேயே கிடந்தாள், நாற்பது வயதான ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு. காருக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். இருவரும் சிரிப்பது சமையலறை வரை கேட்கும். பாத்திரம் கழுவும் கணவனுக்கு வயிறு எரியும்.

இன்று இன்ஜின் உறுமியது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரோம்," என்றாள்.

"நானும் வரவா?"

"இருக்கிறதே ரெண்டு சீட்டு!"

சொந்தக்காரர் சாவியை அவள் கையில் வைத்தார். வண்டி பறந்தது.

அரைமணி கழித்துத் திரும்பினார்கள். அவர் வீட்டுக்குள் போனதும் கணவன் வெடித்தான்.

"ரொம்பத்தான் ஒட்டிக்கிட்டீங்க ரெண்டு பேரும்!"

அவள் விக்கித்துப்போனாள். "மாமாகூடப் போனதுக்கா சந்தேகப்படுறீங்க? உங்களைப் பெத்த அப்பாங்க அவர்!"

"சந்தேகம் இல்லடி, பொறாமை. உன் மேலதான்." அவன் காரைக் காட்டினான். "சின்ன வயசுல இந்த வண்டியைத் தொட்டதுக்கே என்னை அடிச்சார். உனக்குச் சாவியையே தூக்கிக் கொடுக்கிறார்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா எப்போது வந்தாரோ, எவ்வளவு கேட்டாரோ, தெரியவில்லை. மருமகளிடம் சாவியை வாங்கி மகனிடம் நீட்டினார்.

"பிரேக்கை மெதுவா மிதிக்கணும்டா," என்றபடி ஏறி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.