தேசிக்காய்த் தண்ணீர்

நோன்புக்கு முன் வீடு கழுவும் நாள். ரபீக்கா புளிப்பான தேசிக்காய்ச் சாறும் வினாகிரியும் கலந்து குசினித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஓர்ஸ் ஹில்லிலேயே நீங்க மட்டுந்தான் மதினி இப்பிடி," என்று சிரித்தாள் கிண்ணியாவிலிருந்து வந்திருந்த கணவரின் தங்கை ஸஹ்ரா. "கடையில நல்ல கழுவுற மருந்து இருக்கே?"

"அது கடலுக்குக் கூடாது."

"அப்ப மீனெல்லாம் உங்களுக்குத்தான் துஆ கேட்கும்!"

ரபீக்கா சிரிக்கவில்லை. கழுவும் மருந்துப் போத்தல் ஒன்றுகூட வீட்டில் இல்லாமல் செய்த பிறகுதான் அவளால் கொஞ்சமாவது கண்மூட முடிந்தது.

"நப்லா எங்க, மதினி?"

"குளிக்கிறாள்."

"உங்கட மகளுக்கே இது பிடிக்கேல்ல. 'உம்மாட்டச் சொல்லாம ஒரு போத்தல் மருந்து வாங்கிட்டு வாங்க மாமி' எண்டு கோல் எடுத்தவள். வந்த உடனே கையில குடுத்திட்டன்."

ரபீக்கா துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். போன மாதம் நப்லா ஆஸ்பத்திரியில் கிடந்தது காய்ச்சலால் என்றுதான் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். நப்லா தானாகவே கழுவும் மருந்தைக் குடித்தாள் என்பதை ஸஹ்ராவிடம்கூடச் சொல்லவில்லை.

ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே பூட்டியிருந்தது.

"மகள், திற! உம்மா வந்திருக்கிறன்!"

உள்ளே அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.