ஏழடி பெஞ்சு

சொர்க்கத்தில் ஓர் இடத்தின் விலை நானூறு திர்ஹம். 1976-இல், துபாயின் கராமா பகுதியில் குடியிருந்த அக்கவுண்டன்ட் பத்மநாபன், நாடு திரும்பவிருந்த அமெரிக்க மேலாளரிடம் பேரம் பேசி அந்தத் தேவாலய பெஞ்சை வாங்கினார். மேலாளரின் பியூரிட்டன் முன்னோர்கள் உட்கார்ந்த பெஞ்சு அது. சொர்க்கம் போகிறவர்களைப் பிறக்குமுன்பே கடவுள் பொறுக்கிவிட்டார் என்று நம்பிய கூட்டம். ஆனாலும் ஞாயிறன்று தேவாலயத்துக்கு வராமல் ஊர் சுற்றியவனுக்கு அபராதம் போட்டது. விற்றுத் தீர்ந்த சரக்குக்கு எதற்குக் கடை?

“இதுல உக்காந்தா நாமளும் அந்த லிஸ்ட்தான்,” என்றார் பத்மநாபன். மனைவி ஷியாமளாவும் இரண்டு மகள்களும் உட்கார்ந்தார்கள்.

“கொஞ்சம் தள்ளிக்கோ, ஷியாமளா.”

“எங்கங்க தள்றது? இப்பவே இடிக்குது!”

டேப் வைத்து அளந்தார். ஏழடி இருந்தது. மூவரையும் எழுப்பிவிட்டுத் தான் மட்டும் உட்காரப் போனார். லிஸ்டில் இருந்தவர்கள் முன்பே உட்கார்ந்துவிட்ட மாதிரி, அப்போதும் இடம் போதவில்லை.

பெஞ்சு ஏழடி. உட்கார்ந்திருப்பவர் யாருமில்லை. மீதி இடமும் இல்லை.